மரைக்கும் மரைக்கும் நடுவே

தொப்பூர் கணவாயில் 2024 ஜனவரி 24 அன்று நடந்த விபத்து கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. இறக்கத்தில் வந்த லாரி முன்னால் போன வண்டிகள்மேல் மோதியது. நடுவில் சிக்கிய கார் நசுங்கித் தீப்பிடித்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். அந்தக் காரின் பிரேக் நன்றாகவே இருந்திருக்கலாம். நேரத்துக்கு சர்வீஸ் செய்திருக்கலாம், ஓட்டியவர் நிதானமானவராக இருந்திருக்கலாம். எதுவும் உதவவில்லை. ஒரு வண்டியின் பிரேக் பிடிக்காமல் போனால் அதன் விலையைப் பல நேரம் முன்னால் போகிறவர்தான் கொடுக்கிறார். தருமபுரி, சேலம் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணவாயில் பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு கண் வைத்தபடியே இறங்குகிறவர்கள் நாங்கள்.

ஏரியூர்ப் பட்டறை ஒன்றில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு டிஸ்க் பிரேக் மாற்றும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதும் முன்னால் போகிற அந்த முகம் தெரியாத ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏரியூர் பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கம் இருக்கிற ஊர். நாகமரைத் துறையில் நின்றால் எதிர்க்கரை சேலம் மாவட்டம். அக்கரைக்குப் படகில் போய்விடலாம், காரென்றால் சுற்றித்தான் போக வேண்டும். தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் போனால் தொப்பூர் இறக்கம், ஒகேனக்கல்லுக்குப் போனால் பென்னாகரம் தாண்டியதும் மலை இறக்கம். மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற பூமி. பிழைப்புக்குப் பெங்களூர் போகாத குடும்பம் குறைவு. ஹெரால்டின் சொந்தக்காரரும் அப்படிப் போய் மேஸ்திரியாகி நிமிர்ந்தவர். அவருடைய அப்பா சேலத்தில் ஒரு வீட்டில் ஹெரால்டு ஓட்டிய டிரைவர். அந்தக் காரில் ஒருநாள்கூட உட்கார்ந்து போகக் கொடுத்துவைக்காத பிள்ளை, ஐம்பது வயதில் தேடிப்பிடித்து ஒரு ஹெரால்டு வாங்கியிருக்கிறார். வாங்கியது சும்மா ஹெரால்டு இல்லை. முன்பு வைத்திருந்தவர் பந்தய ஆசைக்காரர். பிற்காலத்து மாருதி எஞ்சினைப் போட்டு, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றி வைத்திருந்தார். வேகம் ஏறியிருந்தது. நான்கு சக்கரத்திலும் அதே பழைய டிரம் பிரேக் இருந்தது.

பழைய கார்களைத் திருத்துகிறவர்கள் எல்லோரும் வரிசையை இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் எஞ்சின், பிறகு வீல், பிறகு பெயின்ட், காசு மிஞ்சினால் பிரேக். இந்த வரிசை தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹெரால்டு தமிழ்நாட்டுக் கார். இங்கிலாந்தில் 1959இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் அதை இங்கே கட்டியது. 948 சி.சி. எஞ்சின். மற்ற கார்களெல்லாம் ஒற்றை உடலாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு மட்டும் தனி சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு இணைத்த பாகங்கள். பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன்சக்கரம், பிரேக் பைப் எல்லாம் கண்முன்னே நிற்கும். சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் இந்தக் காரை இன்னும் மறக்காமல் இருப்பதற்கு இதுவே போதும்.

இதே சேசிஸ் வழியில்தான் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும், இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் போட்ட ஜி.டி.6ம் வந்தன. ஆகவே ஹெரால்டை வேகவண்டியாக்க நினைப்பது வம்சத்தில் இல்லாத ஆசை அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் பியட், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களையே பட்டறையில் திருத்தி ஓட்டினார்கள். இறக்குமதிக்கு வழியில்லாத காலம். கையில் இருப்பதைக்கொண்டு கட்டியாக வேண்டும். 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. அதற்குச் சற்று முன்பு கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கினார். இளைஞர்கள் பலர் அதில்தான் பந்தயம் பழகினார்கள். ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தி ஓட்டுகிற கலை இங்கே வறுமையிலும் ஆசையிலும் பிறந்து வளர்ந்தது. அதை மதிக்கிறேன். அதனாலேயே அதன் பலவீனமான இடத்தைப் பேசத் தோன்றுகிறது.

அந்த இடம் பைப்.

டிஸ்க் செய்தவர் டிஸ்க்குக்குப் பொறுப்பு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைச் செய்தவர் காலிப்பருக்குப் பொறுப்பு. பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் பெட்டியில் கம்பெனி முத்திரை இருக்கிறது, ஹோஸிலும் இருக்கிறது. ஆனால் மாருதி வழிக் காலிப்பரும், ஆங்கிலேய வழிச் சேசிஸும், சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பிடித்த இரட்டைப் பாதை டாண்டம் மாஸ்டர் சிலிண்டரும் ஒன்றையொன்று சந்திக்கும் என்று அவற்றைச் செய்த யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொருவருடைய உத்தரவாதமும் அவரவர் துளையின் வாயில் முடிந்துவிடுகிறது. துளைக்கும் துளைக்கும் நடுவில் இருக்கிற பைப், நட், வாஷர் எல்லாம் யார் பொறுப்பு? இணைத்தவர் பொறுப்பு. வேறு யாருமே இல்லை.

பட்டறைக்காரர் இதை இப்படியெல்லாம் சொல்லவில்லை. ஒரு பழைய நட்டையும் ஒரு புது நட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

“எது எதுன்னு சொல்லுங்க சார்.”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒன்று ஹெரால்டின் பிறவி நட்: மூன்று நூல், அதாவது எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இன்னொன்று மாருதி வழி: 10 மில்லி, மரைக்கு மரை ஒரு மில்லி. மூன்று நூலை மில்லியில் போட்டால் 9.525, மரை இடைவெளி 1.06 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்களவில் அரை மில்லி வித்தியாசம், மரையில் அதைவிட நுணுக்கமான வித்தியாசம். மூன்று நூல் நட்டைப் பத்து மில்லித் துளையில் விட்டால் கையாலேயே உள்ளே போகிறது. லேசான ஆட்டம் இருக்கும். ஸ்பானர் போட்டால் இறுகுகிற மாதிரியும் இருக்கும். நின்ற இடத்தில் மிதித்துப் பார்த்தால் தாங்கும், ஊருக்குள் ஓட்டினாலும் தாங்கும். குறுக்கே மாடு வந்து முழுப் பலத்தோடு மிதிக்கிற நேரத்தில் மரை உரிந்து நட்டும் பைப்பும் வெளியே வந்துவிடும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ சொச்சம். அவசரமாக மிதிக்கும்போது பிரேக் பைப்புக்குள் எழுபது, எண்பது கிலோவுக்கு மேலும் போகும். கையால் இறுக்கிப் பார்த்து நம்பக்கூடிய அளவு இல்லை அது.

அவர் மரை அளக்கிற பிட்ச் கேஜை எடுத்து ஒவ்வொரு நட்டின்மேலும் வைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பல்லுக்கும் மரைக்கும் நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் அந்த நட் தனி டப்பாவுக்குப் போனது. மூன்று நூல் ஒரு டப்பா, பத்து மில்லி ஒரு டப்பா. சேசிஸ் பக்கம் பழைய மரையும் காலிப்பர் பக்கம் புது மரையும் வருகிற பைப்புக்கு இரண்டு முனையிலும் இரண்டு வகை நட் போட வேண்டும். அதை மாற்றிப் போட்டுவிடக் கூடாதென்று ஒரு முனைக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் தொட்டு வைத்தார். அன்று நான் கண்ட மிக அக்கறையான செயல் அது.

மரை சரியாக இருந்தால் மட்டும் கசிவு நிற்காது. வீட்டுக் குழாய் வேலையில் மரையில் டேப் சுற்றி இறுக்குவார்கள், மரையே தண்ணீரை அடைக்கும். பிரேக் பைப்பில் மரையின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். ஆயிலை அடைப்பது பைப்பின் வாய். அந்த வாயை விரிக்கிற வேலைக்குத்தான் ஃபிளேர் போடுவது என்று பெயர். ஒற்றை ஃபிளேர் போதாது. விளிம்பு வெடிக்கும். சட்டை ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல வாயை உள்பக்கம் ஒரு மடிப்பு மடித்து, அதன்பின் கூம்பால் அழுத்த வேண்டும். இதுதான் டபுள் ஃபிளேர். வேறு சில வண்டிகளுக்குக் குமிழ் மாதிரி வாய் வேண்டும். எந்தத் துளைக்குள் எந்த வாய் உட்காரும் என்று துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. துளையின் அடியில் மேடு இருந்தால் ஒன்று, குழிவு இருந்தால் மற்றொன்று. மாற்றிப் போட்டாலும் இறுகும், கொஞ்ச நாள் தாங்கும், பிறகு வியர்க்கத் தொடங்கும்.

பைப்பை ஹாக்ஸா பிளேடில் அறுக்காமல் உருளும் கட்டரில் வைத்துச் சுற்றிச் சுற்றி நறுக்கினார். பிசிரைச் சுரண்டி எடுத்தார், ஊதினார், மறுபடி சுரண்டினார். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டுத்தான் வாயை விரிக்க வேண்டும். விரித்த பின் நட் ஏறாது. விரித்த வாயை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார். ஏதோ தட்டியிருக்க வேண்டும். அரையடி பைப்பை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். எனக்கு அந்த வாயில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

கிராமத்துப் பட்டறைகளில் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரரிடம் கிடைக்கிற செம்புப் பைப்பைப் போட்டுவிடுகிற வழக்கம் உண்டு. வளைக்க சுகமாக இருக்கும், துருப்பிடிக்காது, பார்வைக்கும் அழகு. ஆனால் செம்பு குலுங்கக் குலுங்கக் கெட்டிப்பட்டு, விறைத்து, ஒருநாள் கீறல் விடும். பிரேக்குக்கு எஃகுப் பைப் போட வேண்டும், அல்லது செம்பில் பத்து சதவீதம் அளவுக்கு நிக்கல் கலந்த பைப். வோல்வோ 1970களிலேயே இந்தக் கலப்புப் பைப்புக்கு மாறிவிட்டது. விலை கூடுதல்தான். ஒரு காருக்கு வேண்டிய பைப்பின் விலையையும், அதே காருக்கு வாங்குகிற அலாய் வீலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் பைப்பில் மிச்சம் பிடிக்க மாட்டார்.

அடுத்தது ஹோஸ். சேசிஸில் நிற்கிற பைப்புக்கும் ஆடித் திரும்புகிற சக்கரத்துக்கும் நடுவில் வளைகிற குழாய் வேண்டும். பந்தயக் கார்க்காரர்கள் ரப்பரை விட்டுவிட்டு, டெஃப்லான் குழாய்மேல் எஃகு வலை பின்னிய ஹோஸ் போடுகிறார்கள். அழுத்தத்தில் உப்பாது, பெடல் கெட்டியாக இருக்கும். ஆனால் ஹெரால்டுக்கென்று ஒரு தனிக்குணம் உண்டு. அந்தக் காலத்துக் கார்களிலேயே மிகக் குறுகலாகத் திரும்பக்கூடியது அது, 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்ஸிக்குச் சமம். அவ்வளவு திரும்ப வேண்டுமானால் முன்சக்கரம் மற்றக் கார்களில் பார்க்காத கோணத்துக்குப் போகும். மாருதிக்கு அளந்து செய்த ஹோஸ் நேராக ஓடும்போது கச்சிதமாக இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்தால் விறைத்து நிற்கும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இழுபடும். மறுபக்கம் ஒடித்தால் டயரை உரசும், எஃகு வலை எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அரம்போல அறுத்துவிடும், தானும் அறுபடும். ஆகவே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, இந்தக் கடைசி அந்தக் கடைசி இரண்டுக்கும் ஒடித்து, பிறகு ஜாக்கியைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து மேலே ஏற்றி, மறுபடியும் ஒடித்துப் பார்த்தார். கடையில் வாங்கிய ஹோஸ் போதவில்லை. இரண்டங்குலம் நீளமாகச் செய்து வரச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். அது வருகிற வரைக்கும் கார் ஸ்டாண்டிலேயே நின்றது. சொந்தக்காரர் பெங்களூரிலிருந்து போன் போட்டு, இருக்கிறதையே மாட்டித் தரச் சொன்னார். “அண்ணா, அது ஆவாது” என்று மட்டும் இவர் சொன்னார்.

காலிப்பரில் ஹோஸ் சேருமிடத்தில் துளையுள்ள போல்ட்டும், இருபுறம் இரண்டு செம்பு வாஷரும் வரும். செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், கழற்றினால் புதிது போட வேண்டும். ஐந்து ரூபாய்ச் சாமான். பழையதையே தேய்த்துப் போட்டு அதனால் கசிந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரேக்கை மாற்றுகிறவர்கள் அதிகம் யோசிக்காத கணக்கு மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து உள்ளே இறுக்கிக்கொள்ளும், காலின் பலத்தோடு சக்கரத்தின் பலமும் சேரும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். ஆகவே டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் தேவை. காலிப்பரின் பிஸ்டன் பெரிது என்பதால் அதிக ஆயிலும் தேவை. ஆயில் போதவில்லை என்று ஐந்து நூல் மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு ஆறு நூல் போட்டால் பரப்பு 25க்கு 36 என்று கூடும். அதே காலால் மிதிக்கும்போது பைப்பில் வருகிற அழுத்தம் நூற்றுக்கு முப்பது குறைந்துபோகும். பெடல் மட்டும் கெட்டியாக, குறைவாக இறங்கும். ஓட்டுகிறவர் “ஆகா, பிரேக் நல்லாயிருக்கு” என்பார். கெட்டியான பெடல் வேறு, நிற்கிற வண்டி வேறு. இந்தக் காரில் வாக்குவம் பூஸ்டர் சேர்த்ததற்கு இதுதான் காரணம். எஞ்சின் ஓடினால்தான் பூஸ்டருக்கு உறிஞ்சும் பலம் கிடைக்கும். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினால் இரண்டு மூன்று மிதியோடு அது தீர்ந்துவிடும்.

டிரம்முக்குச் செய்த சில பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் சின்ன வால்வு ஒன்று இருக்கும், காலை எடுத்த பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். டிரம்முக்கு அது நல்லது. அதே பைப்பில் டிஸ்க்கை மாட்டினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே ஓடும். பத்து கிலோமீட்டரில் டிஸ்க் கொதித்துவிடும். ஒவ்வொரு சாமானும் நல்ல சாமான், கடைக்காரர் ஏமாற்றவில்லை, பில்லும் இருக்கிறது. பிழை சேர்க்கையில் இருக்கிறது.

பின்சக்கரம் இன்னும் கவனம் கேட்கிற இடம். ஹெரால்டின் பின் ஆக்சில் இரண்டு பாதியாக நடுவிலிருந்து மேலும் கீழும் ஊசலாடும் வகை. வளைவில் திடீரென்று பிரேக் போட்டால் கனம் முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் தூக்கும், பின்சக்கரங்கள் அடிப்பக்கம் உள்வாங்கும், டயர் சாலையைப் பிடிக்கிற இடம் சுருங்கும். அந்த நேரம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கும். எனவே பின்பக்கம் போகிற பைப்பில் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு போட்டு, முன்சக்கரம் முதலில் பிடிக்கும்படி திருகி வைக்க வேண்டும். பந்தயத்துக்காரர்கள் டிரைவர் கையெட்டும் இடத்திலேயே அதை வைத்துக்கொள்கிறார்கள். சாலைக் காரில் கையெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது என்பது என் எண்ணம். பட்டறைக்காரரும் சேசிஸுக்கு அடியில், ஸ்பானர் இல்லாமல் திருக முடியாத இடத்தில் வைத்தார்.

பைப்புக்குள் ஆயில் நிரப்பி நான்கு சக்கரத்தையும் ஒரே மிதியில் பிடிக்கச் செய்யும் யோசனை நூறு வருஷத்துப் பழசு. மால்கம் லாகீட் என்ற அமெரிக்கர் 1917 வாக்கில் உரிமம் பெற்றார், 1921இல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் அதைப் பொருத்தியது. அதற்கு முன்பு கம்பியும் கேபிளும்தான். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். பைப்பில் அடைத்த ஆயில் எல்லாத் திசையிலும் ஒரே அழுத்தம் தரும் என்ற பாஸ்கல் விதி எல்லாச் சக்கரத்துக்கும் சமமாக ஆணையைக் கொண்டுபோனது. டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் 1953இல் லமான் பந்தயத்தை வென்ற பிறகு வேகக் கார்கள் எல்லாம் டிஸ்க்கின் பக்கம் திரும்பின. ஹெரால்டின் பிரேக் கிர்லிங் என்ற கம்பெனி வழி வந்தது. அந்தப் பெயர் 1962இல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா வழியாகத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் எல்லோருக்கும் வீட்டுப் பெயராகிவிட்டது. நம் ஊரில் பிரேக் சாமானுக்குப் பஞ்சமில்லை. நல்ல சாமானைச் செய்கிற மாநிலம் இது. அதை அறிந்து இணைக்கிற கைகளுக்குத்தான் பயிற்சியும் மரியாதையும் போதவில்லை.

ஒரே பாதையில் எல்லாச் சக்கரமும் தொங்குகிற பழைய அமைப்பில், எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கும் போய்விடும். டாண்டம் மாஸ்டர் சிலிண்டரில் முன்பக்கம் ஒரு பாதை, பின்பக்கம் ஒரு பாதை. ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும். டிஸ்க் மாற்றாவிட்டாலும் பழைய கார்க்காரர்கள் இதையாவது மாற்ற வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஹோஸ் வந்து எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்கிற வேலை, பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பட்டறைப் பையன் டிரைவர் சீட்டில், இவர் சக்கரத்தடியில். பிளீடர் நிப்பிளில் செருகிய கண்ணாடிக் குழாயின் மறுமுனை ஆயில் பாட்டிலில் முங்கியிருந்தது.

“மிதி… மிதி… இன்னொருக்கா மிதி… புடி.”

“புடிச்சிருக்கண்ணா.”

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தார். குழாயில் குமிழ் குமிழாக வந்தது.

“பெடலு கீழ போவுதுண்ணா.”

“உட்றாத, புடிச்சிக்க.” மூடினார். “இப்ப உடு.”

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்தில் முடித்தார்கள். இடமும் வலமும் மாற்றி மாட்டிய காலிப்பரில் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், எத்தனை மணி நேரம் மிதித்தாலும் வராது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. இந்த ஒரு குணத்தை நம்பித்தான் பிரேக்கே இருக்கிறது.

அதே குணம் சூட்டிலும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாதி. டாட் 4 வகைக்கு விதித்திருக்கிற குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சூடு காலிப்பருக்குள் போய், ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும். லாரிகளில் ஆயிலுக்குப் பதில் காற்று. அங்கே கொதிக்க ஒன்றுமில்லை. ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி, வண்டியின் முழு எடையையும் பிரேக்கே சுமக்கும்போது டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகும், லைனிங் பிடிப்பை இழக்கும். தொப்பூரில் கியரில் இறங்குங்கள் என்று எழுதி வைத்திருப்பதன் பொருள் இதுதான். எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்று: மிதிக்கிறார், வண்டி கேட்கவில்லை, முன்னால் யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. 2021இல் ஐம்பது வருஷம் தாண்டிய வின்டேஜ் கார்களுக்கு வி.ஏ. என்ற தனிப் பதிவு வரிசை வந்தது. சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எஞ்சின் மாறிய இந்த ஹெரால்டுக்கு அந்த வழியில்லை. கண்டிப்பு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் வேகத்தைக் கூட்டியவனையும் பிரேக்கைக் கூட்டியவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. காகிதத்தால் ஃபிளேரின் வாய்க்குள் பார்க்கவும் முடியாது. அங்கே பார்த்தவர் ஒருவர்தான், அதைச் செய்தவர்.

அதனால் பட்டறைக்காரரிடம் ஒரு யோசனை சொன்னேன். பாகங்களை மாற்றிப் பைப் போடுகிற ஒவ்வொரு பட்டறையும் அந்தப் பைப் வரைபடத்தை எழுதி வண்டியிலேயே வைக்க வேண்டும். இந்தக் கார் நாளை விற்கப்படும். நாமக்கல்லிலோ மதுரையிலோ ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஹெரால்டுதானே என்று மூன்று நூல் நட்டை எடுத்துப் பத்து மில்லித் துளையில் விடுவார். அவர் மேல் தப்பே இருக்காது, அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தை முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தால் எத்தனை உயிர் மிஞ்சும்.

பட்டறைக்காரர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் எல்லா மூட்டிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிவிட்டு, பையனை ஒரு நிமிஷம் முழுப் பலத்தோடு மிதித்தே பிடித்திருக்கச் சொன்னார். காகிதங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார். ஈரம் இல்லை. சமமான சாலையில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கீழே படுத்து மறுபடி பார்த்தார். மறுநாள் பென்னாகரம் போய் ஒகேனக்கல் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறக்கிப் பார்த்துவிட்டு வந்து, நான்கு சக்கரத்தின் சூட்டையும் கை காட்டிச் சோதித்தார். பிறகு தகர அட்டை ஒன்றை வெட்டி, மறையாத மார்க்கரால் காரின் படத்தைச் சின்னதாகப் போட்டு, கோடு கோடாகப் பைப்புகளை இழுத்தார். முன் இடது: சேசிஸ் பக்கம் மூன்று நூல், காலிப்பர் பக்கம் 10 மில்லி, டபுள் ஃபிளேர், ஹோஸ் இரண்டங்குலம் நீளம் கூட. பின் பக்கம்: வால்வைத் திருக வேண்டாம். ஆயில் டாட் 4, மாற்றிய தேதி, இரண்டு வருஷத்துக்குள் மாற்றவும். அட்டையை ரிவெட் அடித்துப் பானெட்டின் உள்பக்கம் பொருத்தும் முன் மறுபடி கையில் எடுத்து, அடியில் தன் பேரையும் போன் நம்பரையும் எழுதினார்.